மாருத்தின் இடுப்பளவு யாரிடம் இருக்கிறது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விடுமுறைக் காலப் பொழுதுபோக்குகளைப் பற்றித் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளிவந்த கட்டுரையில், மாதிரி விமானம் செய்வது, பாகங்கள் தயாராக வரும் வெளிநாட்டுப் பெட்டிகளை வரவழைக்கும் வசதி படைத்தவர்களால் மட்டுமே முடியும் என்ற பொருளில் ஒரு வரி இருந்தது. பெங்களூரு அல்சூரில் வசிக்கும் நான், பீன்யாவில் ஒரு கருவிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன்; ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளாகப் பெட்டி ஏதும் இல்லாமல் வெறுந்தகட்டிலிருந்தே மாதிரி விமானங்கள் செய்து வருகிறேன். அந்த வரி பாதிதான் உண்மை என்பதையும், இக்கலையில் எங்களுக்கு உள்ள தட்டுப்பாடு வேறொன்று என்பதையும் தங்கள் வாசகர்களிடம் சொல்ல விரும்புகிறேன்.

உண்மையான பாதியை முதலில் ஒப்புக்கொள்கிறேன். பொம்மைகளுக்கான இறக்குமதி வரி 2020-இல் 20 விழுக்காட்டிலிருந்து 60 விழுக்காடாகவும், 2023-இல் 70 விழுக்காடாகவும் உயர்த்தப்பட்டது. சுங்கப் பட்டியலில் சிறு அளவு மாதிரிகளும் பொம்மைகளின் தலைப்பின் கீழேயே வருவதால், பாகம் ஒன்று உடைந்தால் அதற்கு மாற்று வரவழைப்பதுகூடப் பெருஞ்செலவாகிவிட்டது. ஆனால் வரி முழுவதும் நீங்கினாலும் எங்கள் குறை தீராது. மிக்-21, ஸ்பிட்ஃபயர் போன்ற வெளிநாட்டுப் போர் விமானங்கள் பல நிறுவனங்களின் பெட்டிகளில் கிடைக்கின்றன. நம் பெங்களூருவிலேயே வரையப்பட்டு, இங்கேயே தகடு வெட்டி, இங்கேயே முதன்முதலில் பறந்த எச்.டி-2, கிரண் என்ற பயிற்சி விமானங்கள், மாருத் என்ற போர் விமானம் ஆகியவற்றைப் பெரிய நிறுவனம் எதனுடைய பெட்டியிலும் நான் இதுவரை கண்டதில்லை. அவற்றை வேண்டுபவர் தம் கையால்தான் செய்துகொள்ள வேண்டும்.

மாருத் என் குடும்பத்துக்கு நெருக்கமான விமானம். ஜெர்மானியப் பொறியாளர் கர்ட் டேங்க் 1956-இல் பெங்களூருக்கு வந்து இந்துஸ்தான் விமான நிறுவனத்தின் (எச்.ஏ.எல்.) வடிவமைப்பாளர்களோடு சேர்ந்து உருவாக்கியது அது. அதன் வடிவம் சரிதானா என்று அறிய, உலோகத்தில் கைவைப்பதற்கு முன்பே முழு அளவில் மரத்தில் ஒரு கிளைடர் செய்து, 1959-இல் டகோட்டா விமானத்தால் இழுத்துச் சென்று பறக்கவிட்டார்கள் என்பது பலருக்குத் தெரியாது. அந்த வகையில் மாருத்தின் முதல் மாதிரியைச் செய்தவர்கள் அதைப் படைத்தவர்களேதாம். 1961 ஜூன் 17 அன்று உண்மையான மாருத் பறந்தது. மொத்தம் 147 விமானங்கள் கட்டப்பட்டன. 1990-இல் கடைசி விமானமும் பணியிலிருந்து விலகியது. என் தந்தையார் அந்தக் கட்டுமானத்தில் தகட்டு வேலை செய்தவர்.

பொருள்களைப் பற்றிச் சொல்கிறேன், ஏனெனில் கட்டுரையாளர் அஞ்சுவது இவற்றைக் குறித்தே. மாதிரிக்கு அடிப்படை ஸ்டைரீன் என்னும் பிளாஸ்டிக் தகடு. அரை மில்லிமீட்டர், ஒரு மில்லிமீட்டர் கனத்தில் தகடு கிடைக்காத நாள்களில், தூக்கியெறியும் தயிர்க் கிண்ணங்களையும் குவளைகளையும் திருப்பிப் பார்ப்பேன். அடியில் முக்கோணக் குறிக்குள் 6 என்றிருந்தால் அது ஸ்டைரீன். வெட்டலாம், ஒட்டலாம், உப்புத்தாள் போட்டுத் தேய்க்கலாம். 5 என்றிருந்தால் பாலிபுரொப்பிலீன். எந்தப் பசையும் அதில் நில்லாது. சிறு குழாய்களுக்கு மருந்துக்கடை ஊசியே போதும். 26 கேஜ் ஊசியின் வெளிவிட்டம் 0.46 மி.மீ., அதாவது உண்மை விமானத்தின் 72-இல் ஒரு பங்காக நான் செய்யும் மாதிரியில், அது 33 மி.மீ. விட்டமுள்ள உண்மைக் குழாய்க்குச் சமம். சக்கரக் குழிக்குள் ஓடும் ஹைட்ராலிக் குழாய்களுக்கு, எஸ்.பி. ரோட்டில் பழைய மின்சாமான்களோடு எடைக்கு வாங்கும் சுருள்களைப் பிரித்து எடுத்த செப்புக் கம்பி இருக்கிறது. தகடுகளை இணைக்கும் ஆணிகளின் வரிசையைப் பதிக்கத் தையற்காரர்கள் துணியில் குறி போடும் பல்சக்கரம். இடைவெளி நிரப்ப ஃபெவிக்விக்கில் முகப்பவுடரைக் குழைத்தால் கடையில் விற்கும் பூச்சைவிட விரைவில் இறுகும். ஆயினும் அன்றைக்கே தேய்த்துவிட வேண்டும், மறுநாள் அது ஸ்டைரீனைவிடக் கடினமாகி, சுற்றியுள்ள தகடு தேய்ந்துபோக அது மட்டும் மேடாக நிற்கும்.

விமானி அறையின் கண்ணாடி மூடிதான் புதியவர்களை மிகவும் மிரட்டுவது. அதற்கு வேண்டியதும் ஒரு தண்ணீர்ப் புட்டியே. முதலில் மூடியின் வடிவத்தை மரத்தில் செதுக்க வேண்டும். நான் தொடக்கத்தில் பால்சா மரத்தில் செதுக்கினேன். மரத்தின் நார்வரி அப்படியே பிளாஸ்டிக்கில் பதிந்து, கண்ணாடிக்குள் மழை பெய்வதுபோல் தெரிந்தது. பிறகு சென்னப்பட்டணாவில் பொம்மை கடைபவர்கள் பயன்படுத்தும் வெட்பாலை மரத்துண்டு ஒன்று கிடைத்தது. தந்தம் போன்று வெளுத்த, வரி தெரியாத மரம் அது. அதில் செதுக்கி, நுண்ணிய உப்புத்தாளை நீர் தொட்டுத் தேய்த்து, புட்டியை அடியில் அறுத்து உள்ளே நுழைத்து, நகராதபடி ஆப்பு வைத்து, வெப்பக்காற்றுத் துப்பாக்கியை ஒரு சாண் தள்ளிப் பிடித்துச் சுற்றிலும் காட்டினால், புட்டி தானாகவே சுருங்கி மரத்தை இறுகப் பற்றிக்கொள்ளும். ஊதி விரித்துச் செய்த பிளாஸ்டிக் சூடு கண்டதும் பழைய அளவுக்குத் திரும்ப முயல்வதே இதற்குக் காரணம். சூடு ஓரிடத்தில் தங்கிவிட்டால் அங்கே பால்நிறம் படரும். படர்ந்துவிட்டால் அந்தப் புட்டி வீண்தான். மாருத்தின் மூடிக்கு எனக்குப் பதினொரு புட்டிகள் வீணாயின. பன்னிரண்டாவது புட்டியிலிருந்து வெட்டியெடுத்த மூடி இன்றும் பளிங்குபோல் இருக்கிறது. புட்டியில் முக்கோணத்துக்குள் 1 என்று போட்டிருக்கும் என்பதையும் செய்து பார்க்க விரும்பும் பிள்ளைகளுக்காகச் சொல்லிவிடுகிறேன். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

ஆக, பாகம் கிடைக்கவில்லை என்பது எங்களைத் தடுப்பதில்லை. அளவு கிடைக்கவில்லை என்பதுதான் தடுக்கிறது.

மாருத்தின் இறக்கை வீச்சு 9 மீட்டர், நீளம் 15.87 மீட்டர் என்று அச்சில் கிடைக்கிறது. 72-ஆல் வகுத்தால் 125 மி.மீ., 220 மி.மீ. என்று வரும். மேலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் முன்னிருந்தும் பார்க்கும் மூன்று பக்க வரைபடங்களும் கிடைக்கின்றன. ஆனால் உடலை ரொட்டித் துண்டுகளைப் போல அங்கங்கே வெட்டிப் பார்த்தால் ஒவ்வொரு துண்டும் என்ன வடிவில் இருக்கும் என்பதை அவை சொல்வதில்லை. அந்தக் குறுக்குவெட்டுகளைத் தகட்டில் வெட்டி, முதுகெலும்பில் வரிசையாக நிறுத்தி, மேலே தோல் போர்த்துவதுதான் எங்கள் முறை. அவை இல்லாமல் கைக்கு வந்தபடி தேய்த்தால் விமானத்தைப் போன்ற ஒன்று வருமே ஒழிய அந்த விமானம் வராது. மாருத்தில் இது மேலும் முக்கியம். ஒலியின் வேகத்தை நெருங்கும்போது காற்றின் இழுவை, விமானத்தின் குறுக்குவெட்டுப் பரப்பு முன்னிருந்து பின்வரை எவ்வளவு சீராகக் கூடிக் குறைகிறது என்பதைப் பொறுத்தது. இறக்கை சேரும் இடத்தில் பரப்பு திடீரெனக் கூடாதிருக்க, அங்கே உடலை ஒடுக்கிவிடுவார்கள். மாருத்தின் இடுப்பு அவ்வாறு ஒடுங்கியது. அதன் அழகு முழுவதும் அந்த வளைவில்தான் இருக்கிறது.

நான் செய்த முதல் மாருத்தை என் தந்தையார் கண்ணெதிரே தூக்கிப் பிடித்து, மேலிருந்து ஒருமுறை பார்த்து, "இடுப்பு தடிச்சுப் போச்சுடா" என்றார். இரண்டு மில்லிமீட்டர் கூடியிருந்தது. உண்மை விமானத்தில் அது 144 மி.மீ., ஆறு அங்குலத்துக்குச் சற்றே குறைவு. தொழிற்சாலை வரைபடம் எதையும் அவர் வீட்டுக்குக் கொண்டு வந்தவரல்லர்; கொண்டு வரவும் கூடாது. ஆனால் அன்று சிவப்புத் தரையில் மண்டியிட்டுச் சாக்கட்டியால் அந்த வளைவை ஒரே இழுப்பில் போட்டுக் காட்டினார். பல ஆண்டுகள் அந்த வளைவின் மேல் தகடு பொருத்திய கை அது. நான் தாள் வைத்துப் படியெடுத்துக்கொண்டேன். அவர் மறைந்து வெகுகாலம் ஆகிறது.

அதன்பின் என்னால் இயன்றதை ஒளிப்படங்களிலிருந்து எடுத்தேன். கஸ்தூர்பா சாலையில் விசுவேசுவரய்யா அருங்காட்சியகத்தின் முன்னால் ஒரு மாருத் நிற்கிறது, எச்.ஏ.எல். பாரம்பரிய மையத்திலும் ஒன்று இருக்கிறது. அருகில் நின்று படமெடுத்தால் மூக்கு பெருத்து வால் சிறுத்துவிடும். எனவே இயன்றவரை தொலைவுக்குப் போய், லென்ஸை நீட்டி எடுத்து, தெரிந்த நீளம் ஒன்றை வைத்து மற்றவற்றைக் கணக்கிட வேண்டும். இவ்வாறு ஏழு இடங்களின் குறுக்குவெட்டை ஓரளவு நிறுவியிருக்கிறேன். அடிவயிற்றின் வளைவு மட்டும் எந்தப் படத்திலும் பிடிபடவில்லை. வெளியூரில் ஒரு வளாகத்தில் விமானம் நிற்பதறிந்து, முன்கூட்டியே கடிதம் எழுதி, பதில் வராததால் நேரில் சென்றேன். பையிலிருந்து அளவுநாடாவை எடுத்ததுமே வெளியே அனுப்பப்பட்டேன். காவலர் தம் கடமையைச் செய்தார், அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. அனுமதி கேட்பதற்கென்று ஒரு வழியே இல்லை என்பதில்தான் வருத்தம்.

அளப்பதற்கு விமானத்தைத் தொடவே வேண்டியதில்லை என்பதை இத்தகைய இடங்களைப் பராமரிப்பவர்கள் அறிய வேண்டும். விமானத்துக்கு ஓரடி தள்ளிக் குறுக்குச் சட்டத்திலிருந்து கொத்தனாரின் தூக்குக்குண்டு நூலைத் தொங்கவிட்டு, நூலுக்கும் உடலுக்கும் உள்ள இடைவெளியைச் சாண் சாணாகக் கீழிறங்கிக் குறித்தால் பக்கத்து வளைவு முழுவதும் தாளில் வந்துவிடும். அடிவயிற்றுக்கு நூலுக்குப் பதிலாக மட்டப்பலகை. இரண்டு பேர், ஒரு காலைப்பொழுது, போதும். ஆண்டுக்கு ஒரு நாள், முன்பதிவு செய்துகொண்ட சிலருக்கு, ஊழியர் ஒருவரின் முன்னிலையில் இதற்கு இடமளிக்கலாம். எடுத்த அளவுகளின் ஒரு படி அந்த இடத்திலேயே தங்கட்டும். பிற்காலத்தில் அந்த விமானத்தைப் பழுதுபார்க்க நேர்ந்தால் அவர்களுக்கே பயன்படும்.

இன்னொரு வேண்டுகோள் தங்கள் வாசகர்களுக்கு. அல்சூர், மர்பி டவுன், விமானபுரா, முருகேஷ்பாளையம் பகுதிகளில், தந்தையோ தாத்தாவோ எச்.ஏ.எல். தொழிற்சாலையில் வேலை பார்த்த தமிழ்க் குடும்பங்கள் எத்தனையோ உண்டு. ஓய்வுபெறும் நாளில் விமானத்தின் முன் நின்று எடுத்த படம் ஒன்று அந்த வீடுகளின் இரும்புப் பெட்டிகளில் இருக்கக்கூடும். படத்தில் நிற்பவரின் உயரம் வீட்டாருக்குத் தெரிந்திருந்தால், அந்தப் படமே எங்களுக்கு அளவுகோல். வீட்டைக் காலி செய்யும்போது அவற்றைப் பழைய தாளோடு போட்டுவிடாதீர்கள்; முதலில் அந்தப் பெரியவர்களை உட்காரவைத்து, எந்த விமானம், எந்த ஆண்டு, எந்தப் பகுதியில் வேலை செய்தார்கள் என்று படத்தின் பின்புறம் எழுதி வாங்குங்கள்.

என்னிடமுள்ள ஏழு குறுக்குவெட்டுப் படங்களையும், என் தந்தையார் போட்ட இடுப்பு வளைவின் படியையும் இக்கடிதத்தோடு இணைத்துள்ளேன். கேட்கும் வாசகர்களுக்குத் தங்கள் அலுவலகம் அவற்றின் நகலைத் தரலாம், என் இசைவு உண்டு. காற்றுப் புகுவாய்க்குச் சற்றுப் பின்னால், இறக்கை தொடங்குவதற்கு முன்னால், அடிவயிறு தட்டையா வளைவா என்பது தெரிந்தவர் எவரேனும் இருந்தால், ஓர் அஞ்சலட்டையில் கோடு போட்டு அனுப்பினாலும் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கருவிக்கூடத் தொழிலாளி,
அல்சூர், பெங்களூரு.