அம்மா பெருக்கித் தள்ளிய செதில்

திருமங்கலம்,
மார்கழி

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று வீடியோ காலில் கையை மடக்கி மடக்கி மறைத்தாய். அம்மாதான் முதலில் கண்டுபிடித்தாள். "அவ முழங்கையப் பாத்தீங்களா, உங்களுக்கு இருக்கிற அதே வெள்ளை." குளிருக்கு வறண்டிருக்கிறது என்று நீ சமாளித்தாய். முப்பது வருஷமாக அதோடு குடித்தனம் நடத்துகிறவனிடமா?

தோல் தடித்துச் செதிலாக உதிர்கிற சோரியாசிஸ்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டதாக இன்று காலை மெசேஜ் வந்தது. கூடவே, கிருமி சோப்புப் போட்டு நாரால் அழுத்தித் தேய்த்துக் குளிப்பதாகவும் எழுதியிருந்தாய். அதைப் படித்ததும்தான் பேனாவை எடுத்தேன். முதலில் அந்தத் தேய்ப்பை நிறுத்து. இந்தத் தோல் கீறிய இடத்திலெல்லாம் புதுசாகக் கிளம்பும். பெல்ட் உராய்ந்தே எனக்கு இடுப்பில் வந்தது.

இது அழுக்கும் இல்லை, கிருமியும் இல்லை. சொல்லப்போனால் தலைகீழ். மேலூர் சித்தப்பாவுக்குக் கரப்பான், அதாவது எக்ஸிமா, இருந்தது தெரியும்தானே? ஒரே வீடு, ஒரே கிணற்றுத் தண்ணீர். அவன் சொறிந்தால் மறுநாளே சீழ் வைக்கும். எனக்கோ வெடித்து ரத்தம் கசியும், களத்து மேட்டுத் தூசியும் படும், ஆனால் ஒரு நாள்கூடச் சீழ் பிடித்ததில்லை. தவளை அறுத்துக் காட்டிய வாத்தியாருக்கு இது உறுத்தாமல் இருக்குமா?

விடை ரொம்பப் பிந்தித்தான் கிடைத்தது. நம் தோல் செல்களே கிருமியைக் கொல்லும் குட்டிப் புரதங்களைச் செய்கின்றன. பெப்டைட் என்பார்கள். அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு நேர்மின்னேற்றம் இருக்கும், பாக்டீரியாவின் உறையில் எதிர்மின்னேற்றம். போய் ஒட்டி ஓட்டை போட்டுவிடும். வியர்வையில்கூட ஒன்று உண்டு, டெர்ம்சிடின் என்று 2001இல் கண்டார்கள். அழகர் ஆற்றில் இறங்கும் அன்று வைகைக்குள் அத்தனை பேரும் உரசி நிற்கிறோமே, அவ்வளவு பேர் மேலும் வழிவது அதுதான். கரப்பான் தோலில் இந்தச் சரக்கு தேவைக்கு ஊறுவதில்லை, ஸ்டெஃபிலோகாக்கஸ் என்ற பாக்டீரியா குடியேறிவிடுகிறது. சோரியாசிஸ் வந்த நம் தோலில் அளவுக்கு மீறி ஊறுகிறது.

பாயை உதறி, முணுமுணுத்துக்கொண்டே அம்மா பெருக்கித் தள்ளுவாளே, அந்தச் செதில். ஜெர்மனியில் கீல் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் அதே மாதிரிச் செதிலைச் சேர்த்து வைத்து, அதிலிருந்துதான் 1997இல் பீட்டா டீஃபென்சின்-2 என்ற பெப்டைடைப் பிரித்தெடுத்தார்கள். அம்மாவிடம் சொன்னேன். "அப்ப மூட்டை கட்டி அனுப்பிருக்கலாமே" என்றாள்.

ஆனால் கொல்வதோடு இவை நிற்பதில்லை, ஆள் கூட்டவும் செய்யும். வம்பே அதில்தான். எல்.எல்.-37 என்று ஒன்று, 37 அமினோ அமிலம் கொண்டது. செல் உடைந்து சிந்தும் நம்முடைய டி.என்.ஏ.வைப் பார்த்தால் எதிர்ப்புச் செல்கள் வழக்கமாகக் கண்டுகொள்ளாது. எல்.எல்.-37 அதைக் கட்டிப்பிடித்து உள்ளே கொண்டுபோய்விட்டால், வைரஸ் வந்துவிட்டது என்று அவை இன்டர்ஃபெரான் என்ற அபாயச் சமிக்ஞையைக் கொட்டுகின்றன. 2007இல் தெரிந்தது இது. பிறகு டி செல்கள் என்ற இன்னொரு வகை எதிர்ப்புச் செல்கள் வரும், அவை ஐ.எல்.-17 என்ற சமிக்ஞையை விடும், அதைக் கேட்டுத் தோல் இன்னும் பெப்டைட் செய்யும். ஒரு மாதம்போல எடுத்து மேலே வரவேண்டிய தோல் சில நாளிலேயே வந்து குவிந்து உதிர்கிறது. திருடன் போன பிறகும் ஊரையே எழுப்பிக்கொண்டிருக்கிற காவல்காரன். இப்போது அந்த ஐ.எல்.-17ஐ மறிக்கும் ஊசிகள் வந்திருக்கின்றன. உனக்கு அந்த அளவுக்குத் தேவையா என்பதை டாக்டர் பார்த்துக்கொள்வார்.

ஒட்டிக்கொள்ளும் நோய் இல்லை என்பதை யாராவது கேட்டால் சொல், கேட்காவிட்டால் சொல்லாதே. ஒரு சலூனில் என் கழுத்தைப் பார்த்துவிட்டுத் துண்டு போட மறுத்தார்கள். கோபத்தில் ஆறு மாதம் முடியே வெட்டவில்லை. அந்தக் கோலத்தில்தான் உன் ஆண்டு விழா போட்டோவில் நிற்கிறேன்.

எனக்குச் சித்திரை வெயிலில் குறையும், மார்கழியில் கூடும். டொராண்டோவில் வருஷத்தில் பாதி மார்கழிதானே, அதனால் குளித்து ஈரம் காய்வதற்குள் களிம்பைப் போட்டுவிடு. காலையில் விரல் மூட்டு இறுகினால் மறைக்காமல் டாக்டரிடம் சொல். சிலருக்கு இது மூட்டையும் பிடிக்கும். என்னிடமிருந்துதான் வந்ததா என்று கேட்டாயே. ஓரளவு ஆமாம். பெரிய கண்ணும் என்னிடமிருந்துதான், அதற்கு நீ சண்டை போட்டதில்லை.

அடுத்த காலில் அரைக்கைச் சட்டை போட்டு வா. அம்மா பார்க்க வேண்டுமாம்.

அன்புடன்,
அப்பா