சார்பு ரன்டவுனில் இருக்கிறது: தொலைக்காட்சிச் செய்தி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய செய்தி ஆசிரியர்களுக்கும் சேனல் நிர்வாகத்தினருக்கும்,

ஒருதலைப்பட்சம் என்று புகார் வந்தால் ஆங்கர் படித்த ஸ்கிரிப்டைத்தான் முதலில் எடுத்துப் பார்க்கிறீர்கள். பெரும்பாலும் அதில் தவறு இருக்காது. எந்தச் செய்தி முதலில் போகிறது, எது ஒன்பதாவதாக நிற்கிறது, நேரம் போதாதபோது எது கழற்றப்படுகிறது என்பதில்தான், அதாவது செய்திகளின் வரிசைப் பட்டியலான ரன்டவுனில்தான், சார்பு நுழைகிறது. "இரு தரப்புக்கும் சம நேரம் கொடுத்தோம்" என்ற பதில் இதில் எதற்கும் பதில் ஆகாது.

ஒரு தலைவருக்கு 90 விநாடி, ஒரே பைட்டாக (அவர் பேசும் காட்சித் துண்டாக), இரவு 8 மணிச் செய்தியில். எதிர்த்தரப்புக்கும் 90 விநாடிதான். ஆனால் 15 விநாடித் துண்டுகளாக ஆறு, ஒவ்வொன்றுக்கும் நடுவே நிருபரின் குரல், அதுவும் நள்ளிரவுச் செய்தியில். கூட்டிப் பார்த்தால் கணக்கு நேராக இருக்கும். முதலாமவர் வாதத்தை முடித்திருப்பார். இரண்டாமவர் தொடங்கியிருக்கவே மாட்டார். பிரான்சில் சிலரின் பேச்சு நேரத்தை நள்ளிரவில் ஒதுக்கியதற்காக 2021 இறுதியில் சிநியூஸ் சேனலை ஒழுங்குமுறை அமைப்பு எச்சரித்தது. 2024 பிப்ரவரி 13 அன்று அந்நாட்டின் உச்ச நிர்வாக நீதிமன்றம் இன்னும் ஒரு படி போனது: அரசியல்வாதிகளின் நேரத்தை மட்டும் எண்ணினால் போதாது, நெறியாளர், கருத்தாளர், விருந்தினர் எல்லோர் பேச்சையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்றது. 'அரசியல் விமர்சகர்' என்ற பட்டையோடு ஒரு கட்சியின் வாதத்தை மட்டுமே பேசுகிறவர் எந்தக் கணக்கில் வருகிறார் என்று உங்கள் விவாத அரங்கைப் பார்த்துச் சொல்லுங்கள்.

திரையின் கீழே ஓடும் எழுத்தையும் பாருங்கள். ஒருவர் பேசினால் 'விளக்கம்', இன்னொருவர் பேசினால் 'மழுப்பல்'. ஒருவருடையது 'பதிலடி', மற்றவருடையது 'ஆத்திரம்'. சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பார்ப்பவர்களுக்கு அந்த ஒரு சொல்தான் முழுச் செய்தி. அவசரத்தில் யாரோ தட்டச்சு செய்வதை யாரும் மறுபடி படிப்பதில்லை. 'கூறினார்', 'கேட்டார்', 'மறுத்தார்' என்ற மூன்றையும் இயல்பான வினைகளாக வையுங்கள். வேறு சொல் போட ஷிப்ட் பொறுப்பாளரின் ஒப்புதல் வேண்டும்.

இதையெல்லாம் அளக்க முடியும். தொடர்ச்சியாக ஒரு வாரத்தை எடுக்காதீர்கள். ஒரே ஒரு பெரிய சம்பவம் அந்த வாரத்தை விழுங்கிவிடும். முதல் வாரத்தின் திங்கள், அடுத்த வாரத்தின் செவ்வாய் என்று ஏழு வாரங்களில் ஏழு நாட்களைப் பொறுக்குங்கள். ஒவ்வொரு செய்திக்கும் ரன்டவுன் வரிசை எண், மிக நீண்ட பைட்டின் நீளம், ஒளிபரப்பான மணி, கீழ்ப்பட்டையின் வினைச்சொல், விவாதத்தில் நெறியாளர் குறுக்கிட்ட எண்ணிக்கை ஆகியவற்றைக் குறியுங்கள். ஒரே நாளை இருவர் தனித்தனியே குறிக்க வேண்டும். பத்தில் இரண்டுக்கு மேல் வேறுபட்டால் விதி தெளிவில்லை. விதியைத் திருத்தி மறுபடி எண்ணுங்கள். குறிப்பவர்களில் ஒருவராவது வெளியாளாக இருப்பது நல்லது.

இத்தனை செய்தும் பிடிபடாதது ஒன்று உண்டு: வராத செய்தி. அது திரையில் தடயம் விடுவதில்லை. கைவிட்ட செய்திகளுக்கு ஒரு பதிவேடு வையுங்கள்: எத்தனை மணிக்கு, யார் நீக்கினார், ஒரு வரிக் காரணம். 'மேலிடம் சொன்னது' என்பது காரணம் ஆகாது. விளம்பரப் பிரிவிலிருந்தோ உரிமையாளர் அலுவலகத்திலிருந்தோ வரும் அறிவுறுத்தல் எழுத்தில் வர வேண்டும். தொலைபேசியில் வந்தால் கேட்டவர் எழுதிவைக்க வேண்டும். தன் இரண்டு செய்திகள் விளக்கமின்றிக் கைவிடப்பட்டதைப் பார்த்த நிருபர் மூன்றாவதை அனுப்ப மாட்டார். அதன்பின் தடை போட யாரும் தேவையில்லை. எங்களை மிகவும் வருத்துவது இதுதான்.

ஒன்று மட்டும் தவறாகப் புரிந்துகொள்ளக் கூடாது. பொய்க்கும் உண்மைக்கும் சரிபாதி நேரம் கொடுப்பது நடுநிலை அல்ல. 2020 அமெரிக்க அதிபர் தேர்தலில் மோசடி என்ற பொய்க் குற்றச்சாட்டுகளை ஒளிபரப்பிய வழக்கில் 2023 ஏப்ரலில் அந்நாட்டின் ஃபாக்ஸ் நியூஸ் சேனல் தரப்பு, வாக்குப்பதிவு இயந்திரங்கள் தயாரிக்கும் டொமினியன் நிறுவனத்துக்கு 78.75 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. அவற்றை நம்பவில்லை என்று தொகுப்பாளர்களே தங்களுக்குள் எழுதிக்கொண்ட குறுஞ்செய்திகள் அந்த வழக்கில் வெளிவந்தன. பார்வையாளர் வேறு சேனலுக்குப் போய்விடுவார்களோ என்ற பயமும் அவற்றில் இருந்தது. ஆகவே முதலில் சரிபார்ப்பு, பிறகுதான் நேரக் கணக்கு.

முதல் ஏழு நாட்களின் அட்டவணை தயாரானதும், நிர்வாகத்துக்கு அனுப்பும் முன்பே செய்தி அறையின் பலகையில் ஒட்டுங்கள்.

இப்படிக்கு,
செய்தி மேசையில் பணிபுரிவோர்