வரவில் வைத்தவை: ஒரு நன்றி மடல்

கிறிஸ்து இயேசுவில் அன்புக்குரிய பங்கு மக்களுக்கும், எங்கள் தெருவாருக்கும், பட்டறையில் என்னோடு வேலை செய்யும் சகோதர சகோதரிகளுக்கும், வெளியூர்களிலிருந்து உதவியவர்களுக்கும் வணக்கம்.

சென்ற ஐப்பசியில் ஒரு மழையிரவில், கானாடுகாத்தானில், தரையில் பதிக்கும் ஆத்தங்குடிப் பூக்கல்லுக்குரிய பணத்தை வாங்கிக்கொண்டு திரும்பும் வழியில் வண்டி சறுக்கி, என் வலது மணிக்கட்டும் முழங்கையும் முறிந்தன. அதன்பின் ஏறத்தாழ ஏழு மாதம் நான் கல் வார்க்கும் அச்சைத் தொடவில்லை. அந்த ஏழு மாதமும் வீட்டில் அடுப்பு எரிந்ததும் பட்டறை பூட்டப்படாமல் இருந்ததும் உங்களால்தான். நேரில் வந்து சொல்ல முயன்றபோதெல்லாம் "அதெல்லாம் எதுக்கு, காப்பி குடிங்க" என்று பேச்சை மாற்றிவிட்டீர்கள். ஆகவே எழுதுகிறேன்.

ஆத்தங்குடிக் கல் செய்பவனுக்கு வலக்கை என்பது என்ன என்று வெளியூர் நண்பர்களுக்குச் சற்று விளக்க வேண்டும். கண்ணாடித் தகட்டின் மேல் சட்டத்தையும், அதனுள் பூ அச்சையும் வைத்து, நிறம் கலந்த சிமெண்டுக் குழம்பை ஒவ்வொரு கட்டத்திலும் சிறு கரண்டியால் ஊற்றுவோம். அச்சை எடுத்துவிட்டு, அதன்மேல் உலர்ந்த சிமெண்டையும் மணலையும் தூவி, ஈரக் கலவையை அப்பிச் சமன்செய்து, இறுகியபின் நீர்த்தொட்டியில் ஊறப்போடுவோம். பூ கண்ணாடியை நோக்கிக் கவிழ்ந்து கிடப்பதால், கண்ணாடியை விலக்கும்வரை கல்லின் முகத்தைச் செய்தவனாலும் பார்க்க முடியாது. கை நடுங்கினால் ஒரு நிறம் இன்னொன்றில் கலந்துவிடும். முப்பது ஆண்டு பழகிய அந்தக் கை கட்டுக்குள் கிடந்தபோது எனக்கு வலியைவிடக் கசப்பே மிகுதியாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

என் தந்தை ஒரு செட்டியார் வீட்டில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். பேரேடு என்னும் கணக்குப் புத்தகத்திலும், வரவையும் பற்றையும் ஒப்பிட்டுக் கணக்கை முடிக்கும் ஐந்தொகையிலும் வாழ்நாளைக் கழித்த அவர் விட்டுச்சென்ற வெற்றுப் பேரேடு ஒன்று வீட்டில் இருந்தது. படுத்துக்கிடந்த நாள்களில் நான் அதில் இடக்கையால் கோணல்மாணலாக எழுதத் தொடங்கினேன். கைவிட்டுப்போன வேலைகள், வட்டிக்கு வாங்கிய தொகை, கண்டும் காணாமல் போனவர்கள் என்று பற்றுப் பக்கம் மட்டுமே நிறைந்தது. நோயாளிகளைச் சந்திக்க வந்த அருள்சகோதரி ஒருவர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஐந்தொகை எழுதிய வீட்டுப் பிள்ளை நீங்கள். வந்ததை வரவில் வைக்காமல் கணக்கை எப்படி முடிப்பீர்கள்?" என்று மட்டும் கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும் அன்றிரவே வரவுப் பக்கத்தில் முதல் வரியை எழுதினேன்: விழுந்த இடத்தில் நின்று, மழையில் நனைந்தபடி என்னைத் தூக்கி, காசு வாங்காமல் காரைக்குடி மருத்துவமனைக்குக் கொண்டுசேர்த்த ஆட்டோக்காரர். அவர் பெயரை அன்றுவரை நான் கேட்கவே இல்லை என்பது எழுதும்போதுதான் உறைத்தது.

நன்றி சொன்னதும் எலும்பு கூடிவிட்டது என்று நான் சாட்சி சொல்ல வரவில்லை. எலும்பைக் கூட்டியவர் மருத்துவர். எனக்குக் கிடைத்தது வேறு. நிலைமை சரியானபின் நன்றி சொல்வதுதான் ஒழுங்கு என்று எண்ணியிருந்தேன். ஆண்டவர் அப்பத்தை எடுத்து நன்றி செலுத்தியதோ, தாம் காட்டிக்கொடுக்கப்பட்ட அதே இரவில். நாம் நற்கருணை என்று அழைக்கும் அருளடையாளத்துக்குக் கிரேக்கத்தில் நன்றி செலுத்துதல் என்றே பெயர் என்பதைப் பங்குத்தந்தை மறையுரையில் பலமுறை சொல்லக் கேட்டிருக்கிறேன். கேட்டும் கேளாதவனாக இருந்திருக்கிறேன். புனித பவுல் பிலிப்பியருக்குச் சிறையிலிருந்து எழுதிய திருமுகமும், எப்பப்பிராதித்து என்பவர் வழியாக அவர்கள் அனுப்பிய உதவிக்கு நன்றி சொல்லும் மடல்தான். அதன் கடைசி அதிகாரத்தில் அவர் கொடுக்கல் வாங்கல் என்று வணிகர் மொழியிலேயே பேசி, எல்லாம் பெற்றுக்கொண்டேன் என்று ரசீதுபோல எழுதுகிறார். கணக்கப்பிள்ளை மகனுக்கு இதைவிட நெருக்கமான வேதவாக்கியம் வேறு எது?

கை முறிந்ததற்காக நான் நன்றி சொல்லவில்லை. தெசலோனிக்கருக்கு எழுதும்போது எல்லாச் சூழ்நிலையிலும் நன்றி கூறச் சொன்ன அதே பவுல், எபேசியருக்கு எழுதும்போது எல்லாவற்றுக்காகவும் என்கிறார். முதலாவதில்தான் இப்போது காலூன்றி நிற்கிறேன். இரண்டாவதற்கு ஏற எனக்கு இன்னும் பலமில்லை.

பேரேட்டின் வரவுப் பக்கம் முழுவதையும் இங்கே எடுத்தெழுத முடியாது. முறை வைத்து மாலைதோறும் வந்து செபமாலை சொன்ன அன்பியக் (பங்கின் அக்கம்பக்கத்தார் கூடிச் செபிக்கும் சிறு குழு) குடும்பங்கள், மகளின் இரண்டாம் பருவக் கட்டணத்தைச் சத்தமின்றிக் கட்டிய, ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபையினர், விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பழக்கிய இயன்முறை மருத்துவர், பாக்கியைப் பற்றி ஒருநாளும் வாய்திறக்காமல் மாதம் தவறாமல் அரிசி மூட்டையை இறக்கிய கடைக்கார பாய் ஆகியோருக்கு என் நன்றி. பட்டறைப் பெண்கள் ஐவரும், அச்சு ஊற்றத் தெரியாது என்று நான் இத்தனை காலம் நினைத்திருந்தவர்கள், தாமே ஊற்றி எடுத்து ஒரு வீட்டு முகப்புக்கான கல் முழுவதையும் சொன்ன தேதியில் அனுப்பினார்கள். அவர்களுக்கு நன்றியோடு மன்னிப்புக் கோருதலும் உரியது.

அடுத்த வீட்டு ஆச்சியைப் பற்றி மட்டும் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். இரண்டு கட்டு வீட்டில் தனியாக வாழும் அவர், மறுநாள் காலையே தூக்குவாளியோடு வந்து, "கை சரியாகிற வரைக்கும் இந்தத் தூக்கு உங்க வீட்டுக்குத்தான், தம்பி" என்றார். எனக்காகப் பிள்ளையார்பட்டியில் நேர்ந்துகொண்டதைப் பல வாரம் கழித்து, தயங்கித் தயங்கிச் சொன்னார். நான் வருத்தப்படுவேனோ என்று நினைத்தாராம். உயிர்ப்புப் பெருவிழாவன்று அவர் அனுப்பிய கவுனி அரிசியை உண்டுதான் எங்கள் நாற்பது நாள் நோன்பு நிறைவுற்றது.

பிப்ரவரி 4-ஆம் நாள் புனித அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) நினைவுநாளில், அன்பியத்தார் என்னை ஓரியூருக்கு அழைத்துச் சென்றார்கள். 1693-இல் அங்கே தலை வெட்டுண்டு மறைசாட்சியான அவர், முந்தைய நாள் சிறையிலிருந்து எழுதிய மடலில், வரவிருக்கும் சாவைத் தம் உழைப்புக்குக் கிடைத்த பரிசாகக் குறித்தார். அவருடைய குருதியால் சிவந்தது என்று நம் மக்கள் போற்றும் அந்த மண்ணை எல்லோரும் அள்ளியபோது நானும் வலக்கையை நீட்டினேன். விரல்கள் முக்கால்வாசி மடங்கின; மண்ணில் பாதி சிந்தியது, பாதி உள்ளங்கையில் நின்றது. நல்ல நயமான மணல், கலவைக்கு எப்படி இருக்கும் என்று ஒரு கணம் தோன்றியதற்குப் புனிதர் என்னைப் பொறுத்தருள்வாராக. பேருந்தில் திரும்பும்போது, மறுபடியும் அச்சு ஊற்றுவேன் என்று முதன்முறையாக நம்பினேன்.

வைகாசியில் ஊற்றிய முதல் கல்லில் ஓர் இதழ் கோணியிருந்தது. உடைத்துவிடப் போனேன். ஆச்சி அதைக் கேட்டு வாங்கித் தம் இரண்டாம் கட்டில், கிணற்றடிக்கு இறங்கும் வாசலில் பதித்துக்கொண்டார்.

பாயின் பாக்கியில் மூன்று மாதக் கணக்கு இன்னும் நிற்கிறது, கார்த்திகைக்குள் தீர்ப்பேன். ஆடி மாதக் கடைசி ஞாயிறன்று காலைத் திருப்பலி உங்கள் அனைவருக்காகவும் ஒப்புக்கொடுக்கப்படுகிறது. கோயிலுக்கு வர இயலாதவர்கள் அது முடிந்தபின் நேரே பட்டறைக்கு வந்துவிடுங்கள். பந்தல் போட்டிருக்கிறோம், சமையல் பொறுப்பை ஆச்சி ஏற்றுக்கொண்டிருக்கிறார். அந்த ஆட்டோக்காரர் குடும்பத்தோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
உங்கள் கல் பட்டறைக்காரன்