தேத்தண்ணிக் கறை படிந்த அட்டை

அன்புள்ள தம்பிக்கு,

நாளையோடு மூன்று மாதக் காத்திருப்பு முடிகிறது. அமெரிக்கக் கல்லூரிகளில் பாடப்புள்ளி பெற்றுத்தரும் கிளெப் (CLEP) உளவியல் பரீட்சைக்கு நீ மறுபடியும் தோற்றலாம். இம்முறை உனக்குக் கேள்வியும் மறுபக்கம் பதிலுமாக ஓர் அட்டைகூட எழுதித் தருவதில்லை என்று முடிவெடுத்துவிட்டேன். தொலைபேசியில் சொன்னால் நீ சிரித்து மழுப்புவாய், நானும் இளகிவிடுவேன். ஆகவே எல்லாரும் வாசிக்கும் இடத்தில் எழுதுகிறேன்.

இங்கே கோண்டாவிலில் காலை 6 மணி, அமெரிக்காவில் உனக்கு முந்தைய இரவு 8.30. பிரிஸ்டல் போட்டில் வெட்டிய அட்டைகளைக் குசினி வாங்கில் இருந்தபடி ஒவ்வொன்றாகக் கமராவுக்கு நேரே பிடிப்பேன். ஒரு நாள் அம்மாவின் தேத்தண்ணி சிந்தி, ஓர் அட்டையின் மூலையில் பிறை போலக் கறை பிடித்தது. மறுநாள் அதை எடுத்ததுமே, நான் கேள்வியை வாசிக்கத் தொடங்குமுன், "நெகட்டிவ் ரீஇன்போர்ஸ்மன்ட்" என்றாய். நான் கைதட்டி அம்மாவையும் கூப்பிட்டேன். நீ வாசித்தது கேள்வியை அல்ல, கறையை என்பது எனக்கு அப்போதே தெரியும். வேலை முடிந்து வந்த உன் முகம் அன்றுதான் மலர்ந்திருந்தது. அதைக் கெடுக்க மனம் வரவில்லை. மன்னித்துக்கொள். ஆனாலும் அந்த முகத்தைப் பார்த்திருந்தால் வேறு எந்த அக்காதான் பேசியிருப்பாள்?

பரீட்சையிலோ 90 நிமிடத்தில் ஏறத்தாழ 95 கேள்விகள். ஒன்றிலும் கறை இல்லை. பரீட்சையில் வந்த கேள்விகளை வெளியே சொல்லக்கூடாது என்பதால் நான் அவற்றைக் கேட்கவில்லை. 50 வேண்டிய இடத்தில் 47 வந்த அன்று என் சொந்தக் கேள்வி ஒன்றைத்தான் கேட்டேன்: அம்மா ஏசுவது நிற்கட்டும் என்று நீ கிணற்றடிக்கு ஓடித் தண்ணீர் அள்ளினால், அதற்கு என்ன பெயர்? "தண்டனை" என்றாய். விரும்பாத ஒன்று விலகுவதால் ஒரு செயல் பெருகுவதுதான் நெகட்டிவ் ரீஇன்போர்ஸ்மன்ட் என்பதை நீ ஒருநாளும் விளங்கிக்கொள்ளவில்லை, பெயரை மட்டும் பாடமாக்கியிருந்தாய்.

ஒருமுறை சரியாகச் சொன்ன அட்டையை ஒதுக்கிவிடு என்றதும் நான்தான். கார்பிக்கி, ரோடிகர் என்ற இருவர் 2008இல் வெளியிட்ட ஆய்வைப் பிறகே வாசித்தேன்: தெரிந்துவிட்டதென்று சொற்களை மேலும் சோதிக்காமல் விட்ட மாணவர்களுக்கு ஒரு வாரத்தின் பின் மூன்றில் ஒரு பங்களவே நினைவிருந்தது, தொடர்ந்து சோதித்தவர்களுக்கோ 80 சதவீதம். இது என் பிழை. ஆனால் "அக்காவின் அட்டையால்தான் கவிழ்ந்தேன்" என்று நீ ஊரெல்லாம் சொன்னாயே, அது யாருடைய பிழை? கட்டணத்துக்கு யார் என்ன கொடுத்தார்கள் என்பதை, பெரியம்மா வீட்டாரும் வாசிப்பார்கள் என்பதற்காக, இங்கே எழுதாமல் விடுகிறேன்.

அட்டைகளை நீயே எழுது. பெயரைக் கேட்காமல், கிணற்றடி போல ஒரு சம்பவத்தைக் கேட்கும் அட்டையாக இருக்கட்டும். திருப்புமுன் பதிலை வாய்விட்டுச் சொல். "தெரியும், தெரியும்" என்பது பதில் அன்று. ஜெர்மன் எழுத்தாளர் லைட்னர் 1970களில் பரப்பிய பெட்டி முறை உனக்குப் பொருந்தும்: சரியானது அடுத்த பெட்டிக்குப் போய்ச் சில நாள் கழித்துத் திரும்பும், பிழையானது முதற்பெட்டிக்கே வந்துவிடும். நாலு பிஸ்கட் பெட்டி போதும். வரிசையை நாளும் குலைத்துவிடு.

நாளையும் 6 மணிக்கு எடுப்பேன். அட்டைகள் உன் கையில் இருக்கட்டும். நீ கேள், நான் பதில் சொல்கிறேன். பிழைவிட்டால் என்னை ஏசு.

அன்புடன்,
அக்கா