செல்வம், ரோஜாவுக்கு இப்போது உரம் வேண்டாம்

தக்கலை

அன்புள்ள செல்வம்,

கடிதமும் படங்களும் கிடைத்தன. மகளுக்கு வேலை கிடைத்ததில் ரொம்ப சந்தோஷம். இங்கே இடவப்பாதி மழை விட்டபாடில்லை, என் முட்டுவலியும் அப்படியேதான். சரி, ரோஜாவுக்கு வருவோம்.

எல்லாத் தொட்டியிலும் ஒரே நோய் என்கிறாய். எனக்கு அப்படித் தெரியவில்லை. மஞ்சள் ரோஜாவில் அடியிலைகள்தான் உதிர்கின்றன, தண்டு பச்சையாகவே இருக்கிறது. அது நோயே இல்லை, வேரின் சங்கடம். நர்சரியில் வாங்கும் செடி பெரும்பாலும் ஓசூர், பெங்களூர்ப் பக்கம் களிமண் உருண்டையில் வளர்த்தது. நீ நிரப்பியதோ பொலபொலவென்ற மண். ஊற்றுகிற தண்ணீர் உருண்டையைச் சுற்றிக்கொண்டு அடித்துளை வழியே போய்விடும், நடுவில் வேர் காய்ந்து கிடக்கும். மழை பிடித்துக்கொண்டால் அதே களி ஈரத்தை விடாமல் வேரை அழுகவைக்கும். அதனால் தண்டை ஒட்டி ஒரு குச்சியை இறக்கிப் பார். காய்ந்திருந்தால் தொட்டியோடு வாளித் தண்ணீரில் குமிழி அடங்கும்வரை வை. சகதியாக நாற்றமடித்தால் செடியை வெளியே எடுத்து, கறுத்த வேரை நறுக்கிவிட்டுப் புது மண்ணில் நடு.

உங்கள் குளச்சல் பக்கம் தென்னைநார்க் கழிவு சும்மாவே கிடைக்கும், கலந்திருப்பாய். உப்புத் தண்ணீரில் ஊறிய தேங்காய்த் தொண்டின் (மட்டையின்) கழிவாக இருந்தால் நல்ல தண்ணீரில் பலதடவை அலசாமல் போடக்கூடாது. இலையோரம் கருகுவதற்கு அதுவும் காரணமாகலாம், கடற்காற்றும் காரணமாகலாம். தொட்டியைச் சுவர் மறைவுக்கு மாற்று, ஆனால் ஆறு மணி நேர வெயில் கிடைக்க வேண்டும்.

சிவப்பு ரோஜாதான் அவசரம். வெட்டிய நுனியிலிருந்து கறுப்பு கீழே இறங்குகிறதே, அது டைபேக், நுனியிலிருந்து தண்டு காய்ந்துகொண்டே வரும் நோய். கறுப்புக்குக் கீழே, உட்தண்டு வெளுப்பாகத் தெரியும் இடம்வரை வெட்டு. பழுப்பு தெரிந்தால் இன்னும் இறங்கு. ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தரியை ஸ்பிரிட்டால் துடை. காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்ற பூஞ்சை மருந்தைக் குழைத்து வெட்டுவாயில் பூசு. ஒட்டுக்கட்டிய இடத்துக்குக் கீழிருந்து வரும் துளிரைக் கண்டு சந்தோஷப்படாதே, அது காட்டு ரோஜா. பிய்த்துவிடு.

வாசல் தொட்டியில் இருப்பது கரும்புள்ளி. இலை ஏழெட்டு மணி நேரம் நனைந்தே இருந்தால் அந்தப் பூஞ்சைக்குப் போதும். சாயங்காலம் இலைமேல் தண்ணீர் தெளிப்பதை நிறுத்து. புள்ளி விழுந்த இலையையும் கீழே கிடப்பதையும் பொறுக்கி எரித்துவிடு.

டி.ஏ.பி. உரம் போட்டேன் என்றாயே மக்கா, வேர் பிடிக்காத செடி அதை என்ன செய்யும்? மேலே தெரியும் உரமணியை அள்ளி எறி. புதுத் துளிர் இலை விரித்தபிறகு போட்டால் போதும். இப்போது இருக்கிற மொட்டுகளையும் கிள்ளிவிடு. மைனிக்கு மனசு வராதுதான், எப்படியோ சொல்லிச் சமாளி.

மழை வெறித்தால் அடுத்த வாரம் குளச்சலுக்கு வருவேன். காப்பர் மருந்து என்னிடம் மிச்சம் இருக்கிறது, நீ வாங்காதே.

அன்புடன்,
தாசன்