அடுக்கும் வேலை குறித்து மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

மற்ற மாணவர்கள் குளிர்விப்புக் கருவியருகே அமர்ந்து அளவெடுக்க, நீ மட்டும் நுண்ணோக்கியில் கிராஃபீன் ஏடுகளை, அதாவது கிராஃபைட்டின் ஓரணு தடிமனுள்ள கார்பன் ஏடுகளை, தேடி அடுக்கிக்கொண்டிருப்பதாகவும், அது ஆராய்ச்சியல்ல, எடுபிடி வேலை என்றும் எழுதியிருந்தாய். இதை நான் ஏற்கவில்லை.

கிராஃபைட்டின் ஒற்றை ஏட்டில் எலக்ட்ரான்கள் எப்படி நடந்துகொள்ளும் என்று இயற்பியலாளர் வாலஸ் 1947-லேயே கணக்கிட்டுவிட்டார். ஆனால் 2004-இல் மான்செஸ்டரில் கெய்மும் நோவோசெலோவும் ஒட்டும் நாடாவால் அதை உரித்து, ஆக்சைடு படிந்த சிலிக்கான் மேல் வைத்து, நிற வேறுபாட்டால் அடையாளம் கண்ட பிறகே அந்தக் கணக்கைச் சோதிக்க வழி பிறந்தது.

அந்த ஆக்சைடின் மேடுபள்ளமும் அதில் சிக்கிய மின்னூட்டமும் எலக்ட்ரான்களை இடறிக்கொண்டே இருந்தன. 2010-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தார் அதற்குப் பதிலாக போரான் நைட்ரைடுப் படிகத்தை அடியில் வைத்ததும், எலக்ட்ரான்களின் இயக்கத்திறன், அதாவது தடையின்றி நகரும் திறன், ஏறத்தாழப் பத்து மடங்கு உயர்ந்தது. ஜப்பானின் சுகுபா நகரில், பெரும் அழுத்தத்திலும் வெப்பத்திலும் அப்படிகத்தை வளர்த்துக் கொடுத்தவர்கள் தானிகுச்சியும் வாதனாபேயும். அச்சுப்பிழையோ என்று ஐயுறும் அளவுக்கு உன் துறைக் கட்டுரைகளில் அவ்விரு பெயர்களும் திரும்பத் திரும்ப வருகின்றன. அவர்களை எடுபிடிகள் என்று நீ சொல்வாயா?

ஒன்றின்மேல் ஒன்றாகச் சற்றே திருப்பி வைத்த இரு ஏடுகளான திருகிய ஈரடுக்குக் கிராஃபீனும் அப்படித்தான். திருகு கோணம் 1.1 பாகையை ஒட்டி இருந்தால் எலக்ட்ரான்களின் ஆற்றல் பட்டை தட்டையாகி, அவை மெதுவாக நகரும் என்று கோட்பாட்டாளர்கள் பிஸ்ட்ரிட்சரும் மெக்டொனால்டும் 2011-இல் கணித்திருந்தாலும், ஒரே ஏட்டைக் கிழித்து, ஒரு பாதியைத் தூக்கித் திருப்பி, மறுபாதியின் மேல் இறக்கும் கைத்திறன் வாய்த்த பின்னரே, 2018-இல் எம்.ஐ.டி.யில் ஹரியோ-எரேரோ குழுவினரால் 1.7 கெல்வினில் மீக்கடத்தலை, அதாவது மின்தடையே இல்லாத கடத்தலை, காண முடிந்தது.

அடுக்கிய ஒரு சோதனை மாதிரிக்குள்ளேயே திருகு கோணம் இடத்துக்கு இடம் மாறிவிடுகிறது என்று நீ அலுத்துக்கொள்கிறாய். அந்த மாறுபாட்டையே நுண்ணிய காந்த உணரியால் வரைபடமாக்கி 2020-இல் வெளியிட்டார்கள் இஸ்ரேலின் வைஸ்மான் ஆய்வு நிறுவனத்தார். ஆகவே குலைந்துபோன அடுக்குகளையும் விடாமல், எந்த வெப்பநிலையில், எந்த வேகத்தில் இறக்கினாய் என்பதைக் குறிப்பேட்டில் எழுதி வை. அந்தப் பக்கங்களை நெறியாளரிடம் காட்டி, நீ அடுக்கிய மாதிரியை அளக்கும்போது நீயும் உடனிருக்க வேண்டும் என்று நேரடியாகவே கேள்.

அன்புடன்,
அப்பா