செக் இன்ஜின் விளக்கு மறுபடி மறுபடி எரிகிறதா? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பார்ந்த வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டிகளில் செக் இன்ஜின் விளக்கை அணைத்தாலும் சில நாளில் திரும்ப எரிகிறது என்று பலர் கேட்கிறீர்கள். ஸ்கேனர் காட்டிய கோடுக்கு (code, அதாவது பி0171 போன்ற பழுதுக் குறியீடு) ஏற்ப ஒரு சென்சாரை மாற்றியும் தீராமல் வருபவர்களும் உண்டு. கோடு சொல்வது இன்ஜினில் எந்த அளவீடு எல்லை தாண்டியது என்பதை மட்டுமே. எந்தப் பாகம் கெட்டது என்று அது சொல்வதில்லை. அதனால்தான் பாகம் மாற்றுவதற்கு முன் சோதனைக்கு நேரம் கேட்கிறோம். இந்த மடல் பெட்ரோல் வண்டிகளைப் பற்றியது.

முதலில் அவசரமான ஒன்று. விளக்கு நிலையாக எரிந்து, வண்டி வழக்கம்போல் ஓடினால் ஓரிரு நாளில் கொண்டுவரலாம். விளக்கு விட்டு விட்டு மின்னினால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள், பாதுகாப்பான இடத்தில் நிறுத்துங்கள். இன்ஜின் கடுமையாக மிஸ் அடிக்கிறது, அதாவது சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை என்று அதற்குப் பொருள். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரியும், உள்ளே இருக்கும் பீங்கான் உருகும். பிளக்குக்குத் தீப்பொறி மின்சாரம் தரும் ஒரு காயிலோடு முடிய வேண்டிய செலவு பல மடங்காகிவிடும்.

வருவதற்கு முன் கோடை அழிக்காதீர்கள், பேட்டரி டெர்மினலையும் கழற்றாதீர்கள். பழுது பதிவான நொடியில் ஆர்.பி.எம்., கூலன்ட் வெப்பம், வண்டியின் வேகம், இன்ஜின் சுமை எவ்வளவு என்பதையும் ஈசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) சேர்த்தே பதிந்து வைக்கிறது. இதை ஃப்ரீஸ் ஃப்ரேம் என்பார்கள். காலையில் குளிர்ந்த இன்ஜினில் வந்த பழுதா, மேட்டில் ஏறும்போது வந்ததா என்று அதிலிருந்தே தெரியும். கோடை அழித்தால் இதுவும் போய்விடும். சில நாள் கழித்து விளக்கு திரும்புவதற்கும் காரணம் உண்டு. பல பழுதுகளை ஈசியூ அடுத்தடுத்த இரண்டு ஓட்டங்களில் கண்ட பிறகே விளக்கைப் போடும். சில சோதனைகள் குறிப்பிட்ட வெப்பமும் வேகமும் அமைந்தால்தான் ஓடும். ஆகவே அழித்த பிறகு நாலு நாள் விளக்கு எரியவில்லை என்பதை வைத்துப் பழுது தீர்ந்தது என்று முடிவு கட்ட முடியாது.

கோடைப் படித்ததும் நாங்கள் பார்ப்பது பேட்டரியும் எர்த் ஒயரும். இன்ஜின் நின்றிருக்கும்போது 12.6 வோல்ட், ஓடும்போது ஏறத்தாழ 13.8 முதல் 14.5 வரை இருக்க வேண்டும். பழைய வண்டியில் துருப்பிடித்த எர்த் இணைப்பு ஒன்றே தொடர்பில்லாத நாலைந்து கோடுகளை வரவழைக்கும். ஆயில் மட்டத்தையும் அப்போதே பார்க்கிறோம். வால்வு டைமிங்கை ஆயில் அழுத்தத்தால் மாற்றும் இன்ஜின்களில், ஆயில் குறைந்தாலோ கெட்டியானாலோ பி0011 போன்ற கோடுகள் வரும்.

வயதான வண்டிகளில் அதிகம் பார்ப்பது பி0171, அதாவது கலவையில் காற்று மிகுதி, பெட்ரோல் குறைவு. ஆக்சிஜன் சென்சாரைக் குறை சொல்ல அவசரப்பட வேண்டாம். பெரும்பாலும் அது உள்ளதைத்தான் சொல்கிறது. இங்கே துப்பு கொடுப்பது ஃப்யூயல் ட்ரிம், அதாவது ஈசியூ பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுகிறது அல்லது குறைக்கிறது என்ற கணக்கு. குறுகிய கால ட்ரிம்மையும் நீண்ட கால ட்ரிம்மையும் கூட்டிப் பார்க்க வேண்டும். கூட்டினால் 10 சதவீதத்துக்குள் இருந்தால் பழைய வண்டிக்குப் பரவாயில்லை. ஐடிலில் (வண்டி நின்றபடி இன்ஜின் ஓடும்போது) 20க்கு மேல் போய், 2500 ஆர்.பி.எம்.மில் 5க்கு இறங்கினால் வேக்கம் கசிவு, அதாவது அளக்கப்படாத காற்று வழியில் உள்ளே நுழைகிறது. வெடித்த ரப்பர் ஹோஸ், பிசிவி வால்வு, இன்டேக் மேனிஃபோல்டு கேஸ்கட் ஆகியவற்றில் ஏதோ ஒன்று. ஐடிலில் இன்ஜின் இழுக்கும் காற்று குறைவு என்பதால் கசிவின் பங்கு பெரிதாகத் தெரிகிறது. புகை செலுத்திப் பார்த்தால் இடம் தெரிந்துவிடும். மாறாக, ஐடிலில் சரியாக இருந்து சுமை ஏற ஏற ட்ரிம் ஏறினால், ஃப்யூயல் ஃபில்டர், பம்ப் அழுத்தம், உள்ளே வரும் காற்றை அளக்கும் ஏர் ஃப்ளோ சென்சாரில் அழுக்கு என்று தேட வேண்டும். அந்தச் சென்சாரை அதற்கென்றே உள்ள ஸ்ப்ரேயால் மட்டும் சுத்தம் செய்யுங்கள். கார்புரேட்டர் கிளீனரோ துணியோ பட்டால் உள்ளே இருக்கும் மெல்லிய கம்பி கெட்டுவிடும்.

ஒரு குறிப்பு: ஏர் ஃப்ளோ சென்சார் இல்லாமல் மேனிஃபோல்டு அழுத்தத்தை வைத்துக் கணக்கிடும் வண்டிகளில் இந்தக் கணக்கு இப்படியே பொருந்தாது. அவற்றில் அதே கசிவு பெரும்பாலும் ஐடில் வேகத்தை ஏற்றிக் காட்டும்.

பி0302 என்று வந்தால் இரண்டாம் சிலிண்டரில் மிஸ். அந்தக் காயிலை மூன்றாம் சிலிண்டருக்கு மாற்றிப் போட்டு ஓட்டிப் பார்க்கிறோம். கோடு பி0303 ஆனால் காயில்தான் குற்றவாளி. பி0302 ஆகவே இருந்தால் பிளக், பிறகு இன்ஜெக்டர், கடைசியில் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் பிஸ்டன் உண்டாக்கும் அழுத்தம்). கம்ப்ரஷன் குறைந்த சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளந்து, அளவு ஏறினால் ரிங் தேய்மானம், ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கட். பிளக் குழிக்குள் ஆயில் தேங்கியிருந்தால் வால்வு கவர் சீலை மாற்றாமல் புதுக் காயில் போடுவது வீண்.

கன்வெர்ட்டரின் திறன் குறைந்தது என்று சொல்லும் பி0420 வந்தவுடன் கன்வெர்ட்டரை மாற்றச் சொல்வது எங்களுக்கு உடன்பாடில்லை. சாதாரண வகை ஆக்சிஜன் சென்சாரில் கன்வெர்ட்டருக்கு முன்பக்கத்தது 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே ஏறி இறங்கும். பின்பக்கத்தது 0.6, 0.7 வோல்ட் அருகே அசையாமல் நிற்க வேண்டும். பின்னதும் முன்னதைப் போலவே துள்ளினால் கன்வெர்ட்டர் சோர்ந்துவிட்டது என்று நினைக்கலாம். அப்போதும் சைலன்ஸர் குழாயில் கசிவு இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். மிஸ் அடிப்பதையும், ஆயில் அல்லது கூலன்ட் எரிவதையும் முதலில் நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் புதுக் கன்வெர்ட்டரும் அதே வழியில் போகும்.

பி0455 போன்ற பெட்ரோல் ஆவிக் கசிவுக் கோடுகளுக்கு முதலில் பெட்ரோல் டேங்க் மூடியின் ரப்பர் வளையத்தைப் பாருங்கள். மூடியைக் கிளிக் என்று சத்தம் வரும்வரை திருகுங்கள். விளக்கு அணையச் சில நாள் பிடிக்கும். பி0128, அதாவது இன்ஜின் போதிய வெப்பத்தை எட்டவில்லை என்றால், கூலன்ட் மட்டத்தைப் பார்த்துவிட்டு தெர்மோஸ்டாட்டைச் சந்தேகிக்கலாம்.

வண்டியை விடும்போது இயன்றவரை டேங்கில் பாதி பெட்ரோலோடு, முந்தைய இரவே நிறுத்திவிடுங்கள். குளிர்ந்த இன்ஜினை முதலில் ஸ்டார்ட் செய்யும்போது கிடைக்கும் விவரம் சூடான இன்ஜினில் கிடைக்காது. விளக்கு எப்போது எரிந்தது, கடைசியாக எந்தப் பாகம் மாற்றப்பட்டது, ஆயில் எப்போது ஊற்றப்பட்டது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். வேலை முடிந்ததும் ஓட்டிப் பார்த்து, ஈசியூவின் சுயசோதனைகள் முடிந்தனவா, விளக்குப் போடாமல் காத்திருக்கும் கோடு ஏதும் இருக்கிறதா, ட்ரிம் எங்கே நிற்கிறது என்று பார்த்த பிறகே சாவியைத் தருவோம். இதற்குக் கூடுதலாக ஒரு நாள் ஆகலாம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
பட்டறை நண்பர்கள்